குழலுக்கும் கட்டைக்கும் நடுவில்

துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. அதுவரை நான் அப்பாவுக்குத் துணையாக வந்தவள், அவ்வளவுதான்.

மும்பையில் ஃபோர்ட் பக்கம் ஒரு பழைய துப்பாக்கிக் கடை. தாத்தாவின் ரைபிள் பல வருடங்களாக அங்கேதான் பாதுகாப்பில் கிடந்தது. அப்பா வருடத்துக்கு ஒருமுறை போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார். அந்த முறை அவருக்கு முட்டி வலி அதிகம், படியேற ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார். கடைக்காரருக்கு என்ன தோன்றியதோ, உள்ளேயிருந்து அதை எடுத்துவந்து, கண்ணாடி மேசைமேல் துண்டை விரித்து வைத்தார். “தேக் லோ, பேட்டா” என்றார், பார்த்துக்கொள் மகளே என்று.

பார்க்கும்படி ஒன்றுமில்லை. குழலைத் தாங்கும் மரக் கட்டையின்மேல் வார்னிஷ் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. குழல் நெடுகத் துருப்புள்ளிகள். சும்மாதான், தோட்டாவை உள்ளே தள்ளும் அந்த இரும்புத் தண்டின், போல்ட்டின், குமிழைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தேன். அது வந்தது. உரசவில்லை, ஆடவில்லை. தள்ளினேன், போய் உட்கார்ந்தது. வெளியே இவ்வளவு கெட்டுப்போன ஒரு பொருள் உள்ளே கொஞ்சமும் கெடவில்லை. இதை நேராகச் சுட வைக்க முடியும் என்று தோன்றியது. தோன்றியதோடு நிற்கவில்லை, அப்போதே கை பரபரத்தது. இன்னொரு முறை இழுத்தேன்.

“போதும், வைட்டி” என்றார் அப்பா. “பூனைக்குட்டி கணக்கா தடவிக்கிட்டு நிக்கா.”

தாத்தாவுக்குத் தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் தோட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் லைசென்சோடு முயல் வேட்டைக்கு வாங்கிய பாயிண்ட் டூ டூ ரைபிள் அது. அவர் போனதும் வாரிசு என்று அப்பா பெயருக்கு வந்தது. அப்பா தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கு மும்பையில் சுட என்ன இருக்கிறது? கடையில் போட்டுவிட்டார்.

லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிக் கேட்ட ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் செம்பூர் வீட்டில் மீன் குழம்பு. அப்பா முள்ளை எடுத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“ஒண்ணையாவது முடிச்சிருக்கியாட்டி நீ? கிடார் வாங்கின, பரண்ல கெடக்கு. ஜெர்மன் படிக்கப் போன, குட்டன் மார்கனோட நின்னு போச்சு. ட்ரோன் ஒண்ணு வாங்கின, அது மாதுங்கால மரத்துல தொங்குது.”

“மரத்துல இல்லப்பா, ஸ்டேஷன் கூரை மேல.”

“இதுல திருத்தம் வேற” என்றாள் அம்மா. பிறகு அப்பாவிடம், “புள்ள கேக்கா, குடுத்துருங்க. ஒங்களுக்கு அது என்ன, சோறா போடுது?” என்றாள்.

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து மேசையில் வைத்தார். “எங்கப்பாவும் அவர் கூட்டாளிகளும் இப்படித்தான் பந்தயம் கட்டுவாங்க. அம்பது மீட்டர்ல அஞ்சு குண்டு. அஞ்சும் இந்தக் காசுக்குள்ள அடங்கணும். ரைபிள் வீட்டுக்கு வந்து, அடுத்த மழை தொடங்கறதுக்குள்ள நீ இதச் செஞ்சிரணும். இல்லன்னா நீயே கொண்டுபோயி போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படச்சிரணும். சரியா?”

சரி என்றேன். யோசிக்கவே இல்லை. அம்மா காசை எடுத்துப்போய்ச் சாமி அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். “சாட்சிக்கு இங்க இருக்கட்டும். ரெண்டு பேரும் பேச்சு மாறுவீங்க.”

லைசென்ஸ் என் பெயருக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வீட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் அப்பாவிடம், மகனுக்குத்தானே என்று இரண்டு தடவை கேட்டார். ஒரு மழைக்காலத்தின் நடுவில் ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கோபர்கைரனேயில் எனக்கு ஆபீஸ். மெஷின் பாகங்கள் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மற்றவர்கள் ட்ரெயினில் ரீல்ஸ் பார்ப்பார்கள். நான் பழைய ரைபிள்களைப் பற்றிப் படித்துக்கொண்டு போவேன். குழலுக்குள் பல வருடத்து ஈயக் கறை, அதைத் துடைத்து எடுக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. குழலின் வாயில் ஒரு நசுங்கல் இருந்தது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு அதுதான், அங்கே கோணினால் எல்லாம் கோணும். துப்பாக்கிக் கடையின் பட்டறையில் கொடுத்து அதைச் சீராகக் கடைந்து வாங்கினேன்.

பிறகு கட்டை. இந்த மாதிரி ரைபிளில் குழல், கட்டையில் வெட்டிய ஒரு பள்ளத்துக்குள் படுத்திருக்கும். ஆனால் எங்கும் தொடக் கூடாது. சுடும்போது குழல் அதிரும். அது தன் இஷ்டத்துக்கு அதிர்ந்தால்தான் எல்லாக் குண்டும் ஒரே மாதிரி போகும். ஓரிடத்தில் கட்டை இடித்தாலும் போச்சு. இதைச் சோதிக்க எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஏதாவது ஒரு பண நோட்டை நுனியில் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து, பின்பக்கம்வரை இழுத்துப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் நோட்டு பாதியில் மாட்டியது. மாட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன், மறுபடி நோட்டு, மறுபடி தேய்ப்பு. கடைசியில் நோட்டு தடங்கலில்லாமல் போய் வந்தது. அந்த வேலை முடிந்தது என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பது என் சுபாவத்தில் இல்லை. அடுத்தது என்ன என்றுதான் ஓடும்.

அடுத்தது எண்ணெய். பழைய வார்னிஷைச் சுரண்டிவிட்டு, ஆளிவிதை எண்ணெயைப் பூச்சுப் பூச்சாகத் தேய்த்து, கட்டையை மட்டும் தனியாக ஜன்னலோரம் காயப்போட்டேன். குழலும் போல்ட்டும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டில். மும்பை ஈரத்தில் ஒரு பூச்சு காயவே நாலைந்து நாள் ஆகும். கைரேகை பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ஒரு தாளில், ‘யாரும் தொடாதீங்க, ப்ளீஸ்’ என்று எழுதி ஒட்டினேன். அம்மா கண்ணாடி போட்டு அதைப் படித்தாள். “நம்ம வீட்ல இருக்கறதே மூணு பேரு. இதுல யாரும்னா யாரு? நானு, ஒங்கப்பா. பேரப் போட்டே எழுதியிருக்கலாம்லா?”

அந்த அக்டோபரில் ஆயுத பூஜையை அம்மா எப்போதும்போலத் தடபுடலாகச் செய்தாள். கிரைண்டர், மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர், என் லேப்டாப், அதன் சார்ஜர்வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அன்று ஆபீஸில் ஆடிட். நான் திரும்பியபோது வீடே மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. ஜன்னலோரம் கட்டை மட்டும் பொட்டில்லாமல் பளபளத்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பரில், துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்தேன். திறந்தவெளி ரேஞ்ச், ஞாயிறு காலை, வீட்டிலிருந்து டாக்சியில். முதல் நாள் ஐந்து குண்டில் மூன்று ஒன்றையொன்று உரசிக்கொண்டு விழுந்தன. ஒரு காசு என்ன, அரைக் காசுக்குள் அடங்கும். மற்ற இரண்டும் மேலே வலப்பக்கம் தள்ளிப் போயிருந்தன. அந்தத் தாளை அம்மாவிடம் காட்டினேன்.

“கொசு கடிச்ச மாதிரி இருக்கு.”

“மூணு எவ்வளவு சேர்ந்து இருக்கு பாரும்மா.”

“மூணு பேரு ஒழுங்கா இருக்காங்க. ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. போயி சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வா.”

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கு அடுத்த வாரமும். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா தாளை வாங்கிப் பார்த்து, “இன்னும் வரலையா அவங்க?” என்பாள். நான் பதிலுக்கு அந்த வாரம் என்ன மாற்றப்போகிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்வேன். அவளுக்கு ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பொங்கல் கழிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, காலையில் காய்கறி வாங்கப் போன இடத்தில் அம்மா மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இதயம் என்றார்கள். அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் நானும் அப்பாவும். இரண்டு பேர் இருக்கும் வீடு இவ்வளவு காலியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சண்டை எதுவும் இல்லை. பேச்சு எப்போதும் அம்மா வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. அவர் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருவார். நான் என் அறையில் தட்டோடு. “கேஸ் வந்துச்சா?” “வந்துச்சு.” “பூட்டிட்டியா?” “பூட்டிட்டேன்.” அவ்வளவுதான் நாங்கள் பேசியது. வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது என்பதால் சாமி அலமாரியிலும் விளக்கு இல்லை. காசு மட்டும் அங்கேயே இருந்தது. இருவருமே அதை எடுக்கவில்லை. பந்தயம் இருக்கிறதா, முடிந்ததா என்று அப்பா சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால், விடு அதை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். பாதியில் விட்ட கடைசிப் பொருளாக இதுவும் பரணுக்குப் போய்விடும்.

அதனால் போனேன், ஒவ்வொரு ஞாயிறும். ரேஞ்சில் மற்றவர்கள் கூட்டமாக வருவார்கள், வடாபாவ் வாங்கிப் பகிர்வார்கள், ஒருவர் தாளை இன்னொருவர் பார்த்துக் கிண்டலடிப்பார்கள். நான் ஓரத்து லேனில் காதடைப்பான் மாட்டிக்கொண்டு படுத்திருப்பேன். காதடைப்பான் நல்ல வசதி. யாரும் பேசவில்லை என்பது தெரியாது. சுட்டு முடித்து, கொடி இறங்கியதும் ஐம்பது மீட்டர் நடந்துபோய்த் தாளைக் கழற்றுவேன். மூன்று சேர்ந்து, இரண்டு மேலே வலப்பக்கம். தாளை மடித்துப் பையில் வைப்பேன். வீட்டில் காட்ட ஆளில்லை. ஃபிரிட்ஜ்மேல் அடுக்கிக்கொண்டே போனேன்.

காரணம் தேடினேன். தோட்டா வகையை மாற்றினேன். கட்டையை இரும்போடு பிடிக்கும் இரண்டு திருகுகளையும் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் முறுக்கினேன். குறி பார்க்க மேலே பொருத்தியிருந்த டெலஸ்கோப்பின் பிடிகளை மாற்றினேன். என்மேல் சந்தேகம் வந்து மாதுங்காவில் கண்ணைச் சோதித்தேன், கண்ணில் குறையில்லை. தாராவிப் பட்டறைக்குப் போய், தோள் ஆடாமலிருக்க ஒரு தோல் வார் தைத்துத் தரச் சொன்னேன். தைத்தவன் சிரித்தான். “தீதி, ஷேர் மாரேகி க்யா?” புலி சிங்கம் எதுவும் இல்லை, தாளைத்தான் சுடுகிறேன் என்றேன். அப்பா தலை நிமிராமல் தோலை அளந்தபடி, “அந்தத் தாளும் இவளப் பாத்துப் பயப்படல” என்றார். பல வாரங்களில் அவர் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான். அதற்காகவே இன்னொரு முறை போகலாமா என்றிருந்தது.

இணையத்தில் ஒரு குழுவில் கேட்டேன். எல்லோரும் என்னை ‘ப்ரோ’ என்று அழைத்தார்கள். “குழல் எங்கேயோ கட்டையைத் தொடுகிறது ப்ரோ, நோட்டை விட்டுப் பாருங்கள்” என்றார் ஒருவர். அதெல்லாம் போன வருடமே பார்த்தாயிற்று என்று கொஞ்சம் திமிராகவே பதில் எழுதினேன்.

ஏப்ரலில் தேர்தல் அறிவிப்பு வந்தது. தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன். ரசீது எழுதிய போலீஸ்காரர் ரைபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “மேடம், யே சல்தா பி ஹை க்யா?” என்றார். சுடுமா என்கிறார். சுடும், ஆனால் நான் சொல்கிற இடத்தில் இல்லை என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சாக்குத் துணி சுற்றி, சீட்டுக் கட்டி, ஈரச் சுவர் ஓரமாக மற்ற துப்பாக்கிகளோடு சாய்த்து வைத்தார்.

அந்த வாரங்கள்தான் மோசமானவை. ஞாயிற்றுக்கிழமை எழுந்தால் போக இடமில்லை. ஒரு ஞாயிறு ஹார்பர் லைனில் ஏறி வடாலாவரை போய், இறங்கி, அடுத்த ட்ரெயினில் திரும்பி வந்தேன். அப்பா கதவைத் திறந்து, எங்கே போனாய் என்று கேட்கவில்லை. “டீ இருக்கு” என்றார்.

தேர்தல் முடிந்து ரைபிள் கைக்கு வந்தபோது மே கடைசி. வானம் கறுக்க ஆரம்பித்திருந்தது. மழை தொடங்கினால் ரேஞ்சை மூடிவிடுவார்கள், அதற்குமுன் மிஞ்சி மிஞ்சிப் போனால் இரண்டு ஞாயிறு. சாக்கைப் பிரித்தால் குழலின் ஓரமெல்லாம் புதுத் துரு. அடியிலும் இறங்கியிருக்கும் என்று தெரிந்தது. எண்ணெய் போட்டுப் பூட்டிய பிறகு குழலையும் கட்டையையும் நான் பிரித்ததே இல்லை. இப்போது வேறு வழியில்லை. சனிக்கிழமை காலை ஹாலில் பேப்பரை விரித்து, இரண்டு திருகையும் கழற்றி, குழலைத் தூக்கினேன்.

பள்ளத்தின் உள்ளே, நடுவுக்குக் கொஞ்சம் முன்னால், இடப்பக்கச் சரிவில் மஞ்சளாக ஒரு கட்டி. நடுவில் மங்கிப்போன சிவப்பு. குழலின் அடியில் அதே இடத்தில் வட்டமாக ஒரு துரு. தொட்டுப் பார்த்தேன், கல்லாகக் காய்ந்திருந்தது. மோந்து பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். ஆயுத பூஜையன்று வீடு முழுக்க இருந்த அதே சந்தன மணம்.

“அப்பா.”

அவர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“ஒங்கம்மா வச்சது” என்றார்.

“நான்தான் தொடாதீங்கன்னு எழுதி ஒட்டியிருந்தேனே?”

“அதனாலதாம்ட்டி. எல்லாத்துக்கும் வச்சிட்டு இதுக்கு மட்டும் வைக்காம உட அவளுக்கு மனசு கேக்கல. வெளிய வச்சா நீ சத்தம் போடுவ. உள்ள வச்சா மேல குழல் வந்து மூடிக்கிடும், ஒனக்கு எங்க தெரியப்போவுதுன்னு சொன்னா.”

“நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?”

அப்பா கரண்டியைக் கை மாற்றினார். “நாந்தானட்டி கட்டையப் புடிச்சுக்கிட்டேன். எண்ணெ படாம ஓரத்துல புடிங்கன்னா. புடிச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. எத்தனை தோட்டா, எத்தனை ஞாயிறு, கண் டாக்டர் வேறு. இரண்டு பேரும் சேர்ந்து, எனக்குத் தெரியாமல், நான் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய இடைவெளியைப் பார்த்து அடைத்து வைத்திருக்கிறார்கள். முடிந்த வேலை என்று, குழலைப் பூட்டிய அன்று பள்ளத்துக்குள் நான் பார்க்கவே இல்லை. அந்த ‘ப்ரோ’ ஆட்கள் சொன்னபோதே ஒரு நோட்டை விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

“இதனாலயா ரெண்டு குண்டு மேல போச்சு?” என்றார்.

“ஆமாப்பா.”

“நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே, மேல போவுதுன்னு.”

“நீங்க கேக்கவே இல்லையே.”

அடுப்படியில் ஏதோ தீயும் வாடை வந்தது. அவர் போய் அணைத்துவிட்டு வந்து, முட்டியை நீட்டி எனக்கு எதிரே பேப்பர்மேல் உட்கார்ந்தார். ஃபிரிட்ஜ்மேல் இருந்த தாள்களை எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மா சொன்னதைச் சொன்னேன், கோபித்துக்கொண்டு போன இரண்டு பேரைப் பற்றி. “கோவிக்க வச்சதே அவதான்” என்றார். தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கினார், கணக்காக, தோலை அடுக்குவதுபோல.

நான் சுரண்டியைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். கை போகவில்லை. கட்டியின்மேல் லேசாக ஒரு பள்ளம், விரல் அழுத்திய இடம்.

“இருக்கட்டும்ப்பா. பந்தயம் தோத்துட்டேன்னு வச்சுக்கிடுங்க.”

“ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறியா? இதோடவா?” அப்பா என்னை நேராகப் பார்த்தார். “அவ சாட்சி வச்சிட்டுப் போயிருக்கா. தோக்கறதுன்னா சுட்டுத் தோத்துக்க. எந்தி, அந்தக் கத்தியக் கொண்டா.”

தோல் சீவும் அவருடைய பழைய கத்தியைக் கொண்டுவந்தேன். மெல்லிய தோலின் உட்பக்கத்தைக் கிழியாமல் சீவுகிற கத்தி அது. அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டார், ஓரத்தில், எண்ணெய் படாமல். நான் சீவினேன். கட்டி உடையாமல் முக்கால்வாசி ஒரே துண்டாக வந்தது. அதை எங்கே வைப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை. சாமி அலமாரியில் வைக்கலாமா என்றார். எனக்கு மனம் வரவில்லை, அவள் ரைபிளுக்கு வைத்தது அது. பிறகு நினைவு வந்தது. கட்டையின் பின்பக்கம், தோளில் பதியும் இடத்தில், ஒரு தகடு உண்டு. கனம் குறைய அதற்குள் ஒரு குழி தோண்டியிருக்கும். அங்கே எதுவும் எதையும் தொடாது. ஒரு துண்டுத் தோலில் சந்தனத்தைச் சுற்றி, ஆடாமல் அதற்குள் செருகி, தகட்டை வைத்துத் திருகினேன். சுடும்போது அது என் தோளுக்கு நேராக இருக்கும்.

துருவைத் துடைத்து, எண்ணெய் தடவி, குழலைப் பழையபடி படுக்கவைத்துத் திருகுகளை முறுக்கினேன். சட்டைப் பையைத் தடவி, அப்பாவே ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். “எப்படிச் செய்யணும்?” காட்டினேன். நுனியில் நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்து, பின்பக்கம்வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். எங்கும் மாட்டவில்லை. நம்பாமல் திரும்ப நுனிவரை கொண்டுவந்தார். மறுபடி இழுத்தார்.

நாளை ஞாயிறு. ரேஞ்சுக்கு ஃபோன் போட்டேன், இந்த வாரம்தான் கடைசியாக இருக்கும் என்கிறார்கள். இதை எழுதும்போது செம்பூர் மேல் மேகம் இறங்கி, காற்று நின்றிருக்கிறது. அப்பா சாமி அலமாரியிலிருந்து காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தானே வந்து தாள்மேல் வைத்துப் பார்ப்பாராம், நான் பேச்சு மாறுவேனாம். முட்டி வலியோடு ஐம்பது மீட்டர் நடக்க முடியுமா என்று கேட்டதற்கு, “நீ மெதுவாச் சுடு, நான் மெதுவா நடக்கேன்” என்றார்.

மெதுவாகத்தான் சுடப்போகிறேன். தோட்டாவை மாற்றமாட்டேன், திருகைத் தொடமாட்டேன். முதலில் குழலைப் பழக்க இரண்டு குண்டு, மண்மேட்டில். பிறகு புதுத் தாள். நாலு குண்டுக்குப் பிறகு போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, தலையைத் தூக்கி, அப்பா பின்னால் உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன். ஐந்தாவது அதற்கப்புறம். மழை மட்டும் காலை பத்து மணிவரை பொறுக்க வேண்டும்.